1965 ரிவியேரா: டிஸ்க் போட்டபின் முன் பிரேக் விடமாட்டேங்குது, யோசனை சொல்லுங்க

வண்டி பியூக் ரிவியேரா கிரான் ஸ்போர்ட். 425 கன அங்குல நெயில்ஹெட் (பியூக்கின் பழைய வி8) இன்ஜின், இரட்டை கார்ட்டர் கார்புரேட்டர். பாடி, உள் அலங்காரம், திறந்து மூடும் ஹெட்லைட் எல்லாம் ஒரிஜினல்படியே. மாற்றியது: பெரிய கேம்ஷாஃப்ட், முன்பக்கம் டிஸ்க், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது; முன், பின் பிரேக்குக்குத் தனித்தனி அறை). (சூடு தணிக்கத் துடுப்பு வைத்த பழைய அலுமினிய டிரம் அந்தக் காலத்துக்கு அருமையான பிரேக்தான். தூக்கிப் போடவில்லை.)

குளிர்ந்திருக்கும்போது சரியாக இருக்கிறது. ஊருக்குள் இருபது நிமிடம் ஓட்டினால் பேட் பிடித்துக்கொள்கிறது, பெடல் மேலேறி இறுகுகிறது, ரோட்டார் நீலம் பாய்கிறது. காலிப்பரில் (பேட்டை அழுத்தும் பகுதி) உள்ள ப்ளீடர் திருகைத் திறந்தால் பிரேக் ஆயில் பீய்ச்சிவிட்டு சக்கரம் சுற்றுகிறது. மாஸ்டர் பக்கம் முன் லைனைத் தளர்த்தினாலும் அதேதான். அப்படியானால் ஹோஸ் அடைப்பு இல்லை.

சந்தேகம் இரண்டு. ஒன்று, பூஸ்டரின் (வேக்குவத்தால் பெடலுக்கு உதவுவது) புஷ்ராடு, அதாவது மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பி, நீளம் அதிகமோ என்று: பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் திரும்பும் துளையை மூடினால், சூட்டில் விரியும் ஆயில் ரிசர்வாயருக்குப் போக வழியில்லை. இரண்டு, டிரம்முக்கான 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைப்பது) முன் அவுட்லெட்டில் இருப்பது. ஆனால் அது எப்போதும் ஒரே அளவில்தான் உரசும். சூடாக ஆக இறுக்கம் கூடுவதைப் பார்த்தால் புஷ்ராடு என்றே தோன்றுகிறது.

இதே மாற்றம் செய்தவர்கள் சொல்லுங்கள்: புஷ்ராடு இடைவெளி எவ்வளவு விட்டீர்கள்? மாஸ்டர் போர் (உள்விட்டம்) 1 அங்குலமா, 1⅛ அங்குலமா? ஐடிலில் பூஸ்டருக்கு வேக்குவம் 12 அங்குலம் (பாதரச அளவு)தான் வருகிறது; ரிசர்வ் டேங்க் போதுமா, எலக்ட்ரிக் பம்ப்தான் வைக்கணுமா?