தம்பிக்கு எலும்பு மஜ்ஜை தானம்: அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

உறவுகளுக்கு வணக்கம். கோபிச்செட்டிபாளையம் அருகே மஞ்சள் வெள்ளாமை செய்யும் என் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் அடங்கியிருக்கும் இப்போதே எலும்பு மஜ்ஜை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். உடன்பிறந்தவர் ஒருவருடையது முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடே வாய்ப்பு என்ற நிலையில், என்னுடையது பொருந்தாமல் போக, அக்காவுடையது பொருந்தியிருக்கிறது. சில நாட்கள் ஊசி போட்டபின், ஒரு கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் மஜ்ஜையிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் தண்டணுக்களை (புது இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) மட்டும் இயந்திரம் பிரித்துக்கொள்ள, மீதியை மறு கையில் செலுத்திவிடுவார்கள் என்று எவ்வளவோ விளக்கியும், முதுகெலும்பில் துளையிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிய அக்காவின் மாமியார், ஒப்புதல் படிவத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அழுகிறார். (அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.) இப்படித் தானம் செய்தவர்கள் ஈரோடு, கோவைப் பக்கம் இருந்தால், அவரிடம் ஒருமுறை நேரில் பேச முடியுமா?