ஷேர்டு ஃபோல்டர் மவுண்ட் ஆகல, அவசரம்!!

பனங்காடை:
வேக்ரன்ட் அப் (விர்ச்சுவல் மெஷினைக் கிளப்புற கட்டளை) கொடுத்தா மெஷின் பூட் ஆகுது, என் கம்ப்யூட்டரோட பகிர்ற ஷேர்டு ஃபோல்டர் மட்டும் அதுக்குள்ள மவுண்ட் ஆக (இணைய) மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. நான் எதையும் மாத்தல. சாயங்காலம் டெமோ, சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

டெர்மினல்தாசன்:
எரர் என்னன்னு சொல்லாம நாங்க என்ன ஜோசியமா பார்க்கிறது? மெஷினை ஓட்டுறது விர்ச்சுவல்பாக்ஸா வேறயா? கெஸ்ட் (மெஷினுக்குள்ள ஓடுற சிஸ்டம்) எது, அதோட கர்னல் (மையக்கரு) எது?

நள்ளிரவு_டெவ்:
யூசரை விபாக்ஸ்எஸ்எஃப் (விர்ச்சுவல்பாக்ஸோட ஷேர்டு ஃபோல்டர் ஃபைல்சிஸ்டம்) குரூப்ல சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க ப்ரோ. எனக்கு எப்பவும் அதுதான்.

டெர்மினல்தாசன்:
அது மவுண்ட் ஆன பிறகு 'பெர்மிஷன் டினைடு' வந்தா. இவருக்கு மவுண்டே ஆகலையே.

பனங்காடை:
சாரி. விர்ச்சுவல்பாக்ஸ், கெஸ்ட் டெபியன் 10. 'அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப் விபாக்ஸ்எஸ்எஃப்'னு வருது.

பழங்கர்னல்:
இந்த ஒரு வரியை முதல்லயே போட்டிருந்தா பாதி இழை மிச்சம். இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியிருக்கேன்னு எனக்கே கணக்கில்ல, தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்ல. கெஸ்ட்ல அந்த ஃபைல்சிஸ்டத்துக்கான மாட்யூல் (கர்னலோட சேர்ற துண்டு) லோடு ஆகல.

நள்ளிரவு_டெவ்:
அது கர்னலுக்குள்ளேயே வந்தாச்சே?

பழங்கர்னல்:
கர்னல் 5.6-லேருந்து. டெபியன் 10-ல இருக்கிறது 4.19. படிச்சுட்டு எழுதுங்க தம்பி.

டெர்மினல்தாசன்:
பனங்காடை, நேத்து கெஸ்ட்ல ஆப்ட் அப்கிரேடு (பேக்கேஜ்களைப் புதுப்பிக்கிற கட்டளை) போட்டீங்களா?

பனங்காடை:
ஆமா... அதுவும் கணக்கா?
நீங்க கேட்ட கர்னல் நம்பர்: யுநேம் -ஆர் 4.19.0-17னு காட்டுது. ஹெடர்ஸ் (மாட்யூல் கட்டத் தேவையான கர்னல் ஃபைல்கள்) 4.19.0-16 இருக்கு.

டெர்மினல்தாசன்:
அதேதான் கணக்கு. கர்னல் 17-க்குப் போயிடுச்சு, ஹெடர் 16-லயே நிக்குது. ஹெடர் இல்லாம கெஸ்ட் அடிஷன்ஸால (கெஸ்ட்ல போடுற விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்) புது கர்னலுக்கு மாட்யூல் கட்ட முடியாது. விபாக்ஸ்ஆட்-செட்டப் லாக்ல இதையேதான் புலம்பியிருக்கும், பாருங்க. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 போடுங்க, மாட்யூலைத் திரும்பக் கட்ட ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப் ஓட்டுங்க, ஹோஸ்ட்ல (உங்க சொந்த மெஷின்ல) வந்து வேக்ரன்ட் ரீலோடு.
யுநேம் நம்பரை ஒட்டி ஹெடர் போடச் சொல்ற குறிப்பைப் பார்த்துத்தான் முதல்ல போட்டிருப்பீங்க. அப்படிப் போட்டா அந்த ஒரு கர்னலுக்கு மட்டும்தான் ஹெடர். நான் சொன்ன லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 மாதிரி மெட்டா பேக்கேஜ் போட்டா கர்னலோட சேர்ந்து அதுவும் ஏறும்.

ஓலைப்பெட்டி:
எதுக்கு இந்தத் தலைவலி? என்எஃப்எஸ்-க்கு (நெட்வொர்க் வழியா ஃபோல்டர் பகிர்ற முறை) மாறிடுங்க. சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்குல இருந்தா விபாக்ஸ்எஸ்எஃப் ஆமை.

பழங்கர்னல்:
மாறலாம். வேக்ரன்ட் தானா யூடிபி (ஒரு நெட்வொர்க் நெறிமுறை) வழியா கேக்கும், 5.6-லேருந்து கர்னல் அதை வழக்கமா அடைச்சு வச்சிருக்கும். அப்படிப்பட்ட கர்னல்னா என்எஃப்எஸ்_யூடிபி ஃபால்ஸ்னு எழுதணும், ஹோஸ்ட் ஃபயர்வால்ல வழி விடணும். டெமோ அன்னிக்கா இதெல்லாம்?

ஓலைப்பெட்டி:
ஒரு தடவை செஞ்சா போதும் சார். நீங்க சொல்றது ஒவ்வொரு கர்னலுக்கும் மருத்துவம் பார்க்கிற கதை.

நள்ளிரவு_டெவ்:
என்எஃப்எஸ்-ல ஹோஸ்ட்ல ஃபைலை மாத்தினா கெஸ்ட்ல ஐநோட்டிஃபை (ஃபைல் மாறிச்சுன்னு கர்னல் சொல்ற அறிவிப்பு) வருமா? ஃபைல் மாற்றத்தைக் கவனிக்கிற என் வாட்சர் அசையவே மாட்டேங்குது.

பழங்கர்னல்:
என்எஃப்எஸ், விபாக்ஸ்எஸ்எஃப் ரெண்டுலயும் வராது. போலிங் (அப்பப்போ தானே போய்ப் பார்க்கிறது) போடுங்க.

ஓலைப்பெட்டி:
அப்போ ஷேர்டு ஃபோல்டருக்கு ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுத்து அனுப்புற கருவி)?

பனங்காடை:
வந்துடுச்சு. ஹெடர்தான். நன்றி தாசன், ஓடுறேன்.

பழங்கர்னல்:
ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. கெஸ்ட்ல எழுதினது ஹோஸ்டுக்குத் திரும்பாது. வேணும்னா புது இழை திறங்க.

ஓலைப்பெட்டி:
ஒருவழியே போதும்னுதான் சொல்றேன், சார்.