உலகக் கோப்பை கால்பந்தை முதல் தடவையாக முழுசாகப் பார்க்கப் போகிறேன் – எங்கிருந்து ஆரம்பிப்பது?

புதுவரவு கேட்டது:

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் எனக்கு. கால்பந்தில் இறுதிப் போட்டியைத் தவிர வேறெதுவும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு தொடரை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை பின்தொடர ஆசை. ஆனால் அட்டவணையைத் திறந்தாலே தலை சுற்றுகிறது. 48 அணி, 104 ஆட்டம் என்கிறார்கள். அத்தனையும் பார்க்க முடியாது என்று தெரியும். எதைப் பார்ப்பது, எதை விடுவது? மூன்றாம் இடம் பிடித்த அணியும் அடுத்த சுற்றுக்குப் போகும் என்கிறார்களே, அது எப்படி? ஆஃப்சைடு என்றால் என்ன என்று யாராவது ஒரு பத்தியில் புரியவைக்க முடியுமா? ஆட்டத்தில் பந்தைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பத்தாம் நம்பர் பதில்:

முதலில் தொடரின் எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1998 முதல் 2022 வரை உலகக் கோப்பையில் 32 அணி, 8 குரூப், 64 ஆட்டம். 2026-இல் அது 48 அணி, 12 குரூப் ஆனது. ஒரு குரூப்பில் 4 அணி. ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒரு தடவை மோதும், ஆக குரூப்புக்கு 6 ஆட்டம், மொத்தம் 72. முதல் இரண்டு இடம் பிடிக்கும் 24 அணிகளோடு, மூன்றாம் இடத்துக்காரர்களில் சிறந்த 8 அணிகளும் சேர்ந்து 32 அணி நாக் அவுட்டுக்குப் போகும். அங்கே தோற்றால் வீடு. 16, 8, 4, 2, அப்புறம் மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதிப் போட்டி ஒன்று: 32 ஆட்டம். 72-ம் 32-ம் சேர்ந்தால் உங்களை மிரட்டும் அந்த 104 வந்துவிடும். கோப்பை வெல்பவர் ஆட வேண்டியது 8 ஆட்டம்தான்.

வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. குரூப் ஆட்டம் 90 நிமிடத்தோடு முடிந்துவிடும், டிரா என்றால் டிராதான். எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி ஷூட் அவுட் எல்லாம் நாக் அவுட்டில் மட்டும்.

எதைப் பார்ப்பது? என் யோசனை: இரண்டே இரண்டு குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று நீங்கள் பெயர் கேள்விப்பட்ட பெரிய அணி இருக்கும் குரூப். இன்னொன்று யார் மேலே போவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத குரூப். இந்த 12 ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். மற்ற குரூப்புகளுக்குச் சுருக்கத் தொகுப்பும் புள்ளிப் பட்டியலும் போதும். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். எந்த அணியையும் அடையாளம் தெரிவதற்குள் அடுத்த அணி வந்துவிடும்.

நேரம் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அட்டவணையில் இருப்பது போட்டி நடக்கும் ஊரின் நேரமா, உங்கள் ஊர் நேரமா என்று முதலில் பாருங்கள். 2026 தொடருக்கு 3 நாடு, 16 நகரம், பல நேர மண்டலம். அங்கே சனிக்கிழமை இரவு என்றால் உங்களுக்கு ஞாயிறு காலையாக இருக்கலாம். நேரத்தைச் சரியாக மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

---

கணக்குப்பிள்ளை பதில்:

நான் பட்டியல் பக்கம் வருகிறேன். ஒரு தாளில் குரூப் பட்டியலைக் கையாலேயே போடுங்கள். ஆட்டம், புள்ளி, அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம் என்று ஐந்து கட்டம். செயலி தானாகக் காட்டும்தான், ஆனால் நீங்களே போட்டால்தான் ஒரு கோலுக்கு என்ன விலை என்று உறைக்கும். கோல் வித்தியாசத்தை உங்கள் நெட் ரன் ரேட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், வகுத்தல் எதுவும் கிடையாது, வெறும் கழித்தல்.

புள்ளி சமமானால் என்ன என்பது தொடருக்குத் தொடர் மாறும். 2018, 2022 உலகக் கோப்பைகளில் மொத்த கோல் வித்தியாசம் முதலில், பிறகு மொத்த கோல்கள், அதன் பிறகுதான் அந்த அணிகள் நேருக்கு நேர் மோதிய முடிவு. யூரோவில் (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) நேருக்கு நேர் முடிவே முதலில். நீங்கள் பார்க்கும் தொடரின் விதிப்புத்தகத்தில் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது முதல் ஆட்டத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

எவ்வளவு தூரம் போகும் என்றால், 2018-இல் ஜப்பானும் செனகலும் புள்ளியில், கோல் வித்தியாசத்தில், அடித்த கோலில் எல்லாம் சமம். தங்களுக்குள் ஆடியதும் 2-2. கடைசியில், தப்பாட்டத்துக்கு எச்சரிக்கையாக நடுவர் காட்டும் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. ஜப்பான் உள்ளே, செனகல் வெளியே.

குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் தொடங்கும். 1982-இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கடைசியாக ஆடியபோது, 1-0 என்று ஜெர்மனி வென்றால் இருவருமே மேலே போகலாம் என்ற நிலை. ஜெர்மனி சீக்கிரமே ஒரு கோல் அடித்தது, அதன் பிறகு இரு பக்கமும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே ஆடி முடித்திருந்த அல்ஜீரியா வெளியே போனது. அடுத்த தொடரிலிருந்து ஒரே நேரம் என்று ஆக்கிவிட்டார்கள்.

இந்த நாளைத் தவற விடாதீர்கள். 2022-இல் ஈ குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றுக்கு முன் ஸ்பெயின் 4 (வித்தியாசம் +7), ஜப்பான் 3 (0), கோஸ்டாரிகா 3 (-6), ஜெர்மனி 1 (-1). ஒரு பக்கம் ஸ்பெயின் – ஜப்பான், இன்னொரு பக்கம் ஜெர்மனி – கோஸ்டாரிகா. பத்து நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல், அடுத்த நிமிடமே ஸ்பெயின் ஒரு கோல். எல்லாம் எதிர்பார்த்தபடி. இடைவேளைக்குப் பிறகு 48-ம் நிமிடமும் 51-ம் நிமிடமும் ஜப்பான் அடித்து 2-1. அந்தப் பக்கம் 58-இல் கோஸ்டாரிகா சமன் செய்து, 70-இல் 2-1 என்று முந்தியது. அந்த நொடியில் பட்டியலைப் போட்டுப் பாருங்கள்: ஜப்பான் 6, கோஸ்டாரிகா 6, ஸ்பெயின் 4, ஜெர்மனி 1. முதல் ஆட்டத்தில் இதே ஸ்பெயினிடம் 7-0 என்று உதை வாங்கிய கோஸ்டாரிகா உள்ளே, ஸ்பெயினும் ஜெர்மனியும் வெளியே! 73-இல் ஜெர்மனி சமன் செய்ததும் ஸ்பெயின் பிழைத்தது. ஜெர்மனி கடைசியில் 4-2 என்று வென்றும் பயனில்லை. ஸ்பெயினோடு 4 புள்ளியில் சமம், ஆனால் வித்தியாசம் +1-க்கு எதிராக +6. அந்த 7-0 அங்கேதான் வேலை செய்தது.

ஒரு திரையில் ஒரு ஆட்டம், பக்கத்தில் புள்ளிப் பட்டியல். அந்த நாளுக்கு இது போதும்.

---

புதுவரவு:

அப்பாடா, பட்டியல் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் இடம் விஷயம்?

---

கணக்குப்பிள்ளை பதில்:

12 குரூப்பின் மூன்றாம் இடத்துக்காரர்களை ஒரு தனிப் பட்டியலில் போட்டு முதல் 8 பேரை எடுப்பார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடியிருக்க மாட்டார்கள் என்பதால் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் என்று போகும். யூரோவில் 6 குரூப், அதில் 4 பேர்.

3 புள்ளி என்பது ஊசலாடும் இடம். யூரோ 2016-இல் போர்ச்சுகல், வட அயர்லாந்து, அல்பேனியா, துருக்கி நான்கும் மூன்றாம் இடம், நான்குக்கும் 3 புள்ளி. வித்தியாசம் 0 இருந்த முதல் இருவர் போனார்கள், -2 இருந்த மற்ற இருவர் வீட்டுக்கு. மூன்று ஆட்டமும் டிரா செய்து தத்தளித்த அந்த போர்ச்சுகல்தான் கோப்பையையே தூக்கியது. அதனால் 2-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடத்தில் மூன்றாவது கோல் வாங்காமல் இருக்க ஏன் உயிரை விடுகிறது என்று வியக்காதீர்கள்.

இன்னொன்று. 12-இல் எந்த 8 என்பதற்கு 495 விதம் உண்டு. யார் யாரோடு மோதுவது என்பது அதைப் பொறுத்து மாறும். ஆகவே கடைசி குரூப் முடியும் வரை அடுத்த சுற்று அட்டவணையைப் பேனாவால் நிரப்பாதீர்கள், பென்சில்தான்.

---

கோல்கம்பம் பதில்:

ஆஃப்சைடு. சக வீரர் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் நீங்கள் எதிரணியின் பாதியில் இருக்கிறீர்கள். பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகே நிற்கிறீர்கள். அதுதான் ஆஃப்சைடு இடம். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால் நடைமுறையில் கடைசித் தடுப்பு வீரரைப் பார்த்தால் போதும். சமமாக நின்றால் குற்றமில்லை. கையைக் கணக்கில் எடுப்பதில்லை. நிற்பது மட்டுமே தப்பும் இல்லை, ஆட்டத்தில் தலையிட வேண்டும். பந்து வெளியே போனபின் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

புதியவர்கள் தவறுவது எங்கே என்றால், பந்து வந்து சேரும்போது ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பந்து காலைவிட்டுப் புறப்படும் கணம். அப்புறம், கோல் வாய்ப்புத் தெளிவாக இருந்தால் துணை நடுவர் கொடியை உடனே தூக்க மாட்டார், அந்தத் தாக்குதல் முடியும் வரை விட்டுத்தான் தூக்குவார். அதனால் கோல் விழுந்ததும் குதிப்பதற்கு முன் கோட்டோரம் ஒரு பார்வை பாருங்கள். 2022-இல் சவூதி அரேபியாவுக்கு எதிராக முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் தள்ளிய மூன்று பந்து இப்படித்தான் ரத்தானது. சவூதித் தடுப்பு வரிசை துணிந்து முன்னேறி நின்ற ஆட்டம் அது, முடிவு 2-1 சவூதிக்கு.

பந்தைத் தவிர எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். முதல் 15 நிமிடம் ஒரே ஒரு அணியின் பின்வரிசையைப் பாருங்கள். பந்து தங்கள் கோல்கீப்பரிடம் இருக்கும்போது அவர்கள் எங்கே நிற்கிறார்கள், இரு ஓரத் தடுப்பு வீரர்களும் மேலே ஏறுகிறார்களா, ஒருவர் மட்டுமா? எதிரணி அழுத்த வருகிறதா, நடுக்கோட்டிலேயே காத்திருக்கிறதா? இது தெரிந்துவிட்டால் ஆட்டத்தின் திட்டம் பாதி தெரிந்த மாதிரி. திரையில் காட்டும் 4-3-3, 4-4-2 (பின்வரிசை, நடு, முன்வரிசையில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை) எல்லாம் தொடக்க நிலை மட்டுமே, பந்து உருண்டதும் கலைந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டாம்.

பந்து யாரிடம் எத்தனை சதவீதம் என்ற எண்ணையும் தலையில் ஏற்றாதீர்கள். மேலே சொன்ன ஸ்பெயின் ஆட்டத்தில் ஜப்பானிடம் பந்து இருந்தது 20 சதவீதத்துக்கும் குறைவு.

---

மூன்றாவது பாதி பதில்:

பத்தாம் நம்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். தேர்ந்தெடுத்த குரூப்பின் எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது. முதல் ஆட்டத்தில் தோற்கக் கூடாது என்ற பயத்தில் பல அணிகள் இறுக்கிக்கொண்டு ஆடும். இரண்டாவது ஆட்டம்தான் சூடு. மூன்றாவதில் ஏற்கெனவே தகுதி பெற்ற அணி முக்கிய ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கும். 2022-இல் பிரான்ஸ் துனிசியாவிடமும், பிரேசில் கேமரூனிடமும், போர்ச்சுகல் தென் கொரியாவிடமும் தோற்றது இந்த மூன்றாவது ஆட்டங்களில்தான். அதை வைத்து அந்த அணிகளை எடை போட்டவர்கள் ஏமாந்தார்கள். ஆடும் பதினொருவர் பட்டியல் ஆட்டம் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு வெளியாகும். அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் தோல்வியை வைத்தும் யாரையும் கழித்துவிடாதீர்கள். 2010-இல் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடம் தோற்றுத்தான் தொடங்கியது. 2022-இல் அர்ஜென்டினா. இரண்டும் கோப்பையோடு திரும்பின.

---

பத்தாம் நம்பர் பதில்:

ஒப்புக்கொள்கிறேன், மூன்றாவது ஆட்டத்துக்கு அது சரி. ஆனால் கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி முடிவாகாத குரூப் என்றால் மூன்றாவதுதான் விருந்து. தென் கொரியா அந்த வெற்றியால்தான் உருகுவேயைத் தள்ளியது. புள்ளி சமம், வித்தியாசம் சமம், அடித்த கோல் 4-க்கு 2.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் கிடையாது. 2002-இல் ஜெர்மனியின் பல்லாக் அரையிறுதியில் மஞ்சள் வாங்கி இறுதிப் போட்டியை இழந்தார். 2010 முதல் 2022 வரை காலிறுதி முடிந்ததும் ஒற்றை மஞ்சளை அழித்துவிட்டார்கள். மாற்று வீரர்கள் 5 பேர், ஆனால் ஆட்டத்தை நிறுத்துவது 3 தடவை மட்டும், இடைவேளை அதில் சேராது. எக்ஸ்ட்ரா டைம் போனால் ஆறாவது ஆளும் உண்டு. 2022 உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் நான்கு விஷயத்துக்குத்தான் வந்தார்: கோல், பெனால்டி, ஆளை வெளியேற்றும் நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது. சாதாரண ஃபவுலுக்கும் மஞ்சளுக்கும் வருவார் என்று காத்திருக்காதீர்கள்.

90 நிமிடம் என்று திட்டம் போடாதீர்கள். 2022-இல் இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தில் ஆட்டம் தடைபட்டதற்காகக் கூட்டிக் கொடுத்த நேரம் மட்டுமே இரு பாதியிலும் சேர்த்து 27 நிமிடத்துக்கு மேல். நாக் அவுட் என்றால் 15, 15 என்று இன்னும் 30 நிமிடம், அதிலும் சமம் என்றால் அணிக்கு ஐந்து பெனால்டி. மூன்று மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

---

புதுவரவு:

ஷூட் அவுட்டில் அடிக்கும் கோல் வீரரின் கணக்கில் சேருமா?

---

கணக்குப்பிள்ளை பதில்:

சேராது. ஏட்டில் அந்த ஆட்டம் டிராதான், ஷூட் அவுட் யார் மேலே போவது என்று தீர்மானிக்க மட்டும். 2022 இறுதிப் போட்டியை 3-3 என்றுதான் எழுதுவார்கள், 4-2 என்பது பக்கத்தில் தனியாக வரும். பிரான்ஸின் எம்பாப்பே அன்றைக்குப் பெனால்டி இடத்திலிருந்து மூன்று தடவை அடித்தார், ஆட்டத்துக்குள் இரண்டு, ஷூட் அவுட்டில் ஒன்று. தொடரில் அவர் பெயரில் இருக்கும் 8 கோலில் அந்த மூன்றாவது இல்லை.