எட்டு எபிசோட் வெப் சீரிஸுக்கு ஷோரன்னர் பொறுப்பு: எதிலிருந்து தொடங்குவது?

வசனம்_மதுரை கேட்டது:

வணக்கம். நெடுந்தொடர்களுக்குத் திரைக்கதை, வசனம் எழுதிப் பழக்கம் உண்டு. இப்போது ஓடிடி தளம் ஒன்றுக்கு, தென்மாவட்டத்தில் நடக்கும் குற்றக் கதை. எட்டு எபிசோட், தலா 40 நிமிடம். எழுதுவதோடு நிற்காமல் ஷோரன்னராகவும், அதாவது எழுத்து முதல் எடிட் வரை மொத்தத் தொடருக்கும் பொறுப்பாளராகவும் இருக்கச் சொல்கிறார்கள். இயக்குநர்கள் இரண்டு பேர், ஆளுக்கு நான்கு எபிசோட். எழுத்தாளர் குழு என்னோடு சேர்த்து நான்கு பேர், 12 வாரம்.

நெடுந்தொடரில் காலையில் போகும் வசனம் மதியம் ஷூட் ஆகிவிடும். இங்கே வேலை முறை வேறு என்று தெரிகிறது. 12 வாரத்தை எப்படிப் பிரிப்பது? பட்ஜெட் விஷயத்தில் எழுத்தாளருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? இயக்குநர்களுக்கும் எனக்கும் எல்லை எங்கே?

கதைமேசை:

12 வாரத்தில் கதையை சீன் சீனாகப் பிரித்து முடிக்கலாம். எட்டு ஸ்கிரிப்டையும் முடிக்க முடியாது. இதைத் தயாரிப்புத் தரப்பிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று வாரம் எபிசோட் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். குற்றம் செய்தது யார், ஏன், அது யாருக்கு எப்போது தெரியவருகிறது, கடைசிக் காட்சியில் யார் எந்த நிலையில் நிற்கிறார் என்பது முதலில் முடிவாக வேண்டும். குற்றக் கதைக்கு இரண்டு காலவரிசை எழுதுவது அவசியம். ஒன்று, சம்பவம் உண்மையில் நடந்த வரிசை, தேதி, மணியோடு. மற்றது, பார்ப்பவருக்குத் தெரியவரும் வரிசை. முதல் வரிசையை எழுதாமல் இரண்டாவதற்குத் தாவும் குழுக்கள் ஐந்தாறு எபிசோட் தாண்டியதும் மாட்டிக்கொள்கின்றன. செல்போன் டவர் விவரம் ஒரு நாளைச் சொல்லும், சாட்சி வேறு நாளைச் சொல்வார், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டுக்கும் பொருந்தாது. அந்தக் கட்டத்தில் சரிசெய்யப் போனால் இரண்டாவது எபிசோடிலிருந்து பிரித்து மேய வேண்டியிருக்கும்.

நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை எபிசோட் பிரிப்பு. 25 வேலை நாள், எட்டு எபிசோட், ஆக ஒன்றுக்கு மூன்று நாள். சுவரில் அட்டை ஒட்டுங்கள்: எபிசோடுக்கு ஒரு வரிசை, கதை இழைக்கு ஒரு நிறம். விசாரணை, குடும்பம், பழைய பகை, அதிகாரியின் சொந்தச் சிக்கல் என்று நான்கு நிறம் போதும். 40 நிமிடத்துக்கு 25 முதல் 32 சீன் வரும். ஒரு நிறம் இரண்டு எபிசோடுக்கு மேல் சுவரில் காணவில்லை என்றால் பார்ப்பவர் அந்த இழையை மறந்துவிட்டார் என்று பொருள்.

கடைசி நான்கு வாரம் அவுட்லைன். எபிசோடுக்கு எட்டுப் பத்துப் பக்கம், சீன் சீனாக, வசனம் இல்லாமல். வசனத்தில் கைதேர்ந்தவர்களுக்கு இது கடினம். நல்ல வசனம் வந்து விழுந்தவுடன் சீன் முடிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் அந்த சீனில் எதுவுமே மாறியிருக்காது. தளத்தின் கருத்துகளை இந்தக் கட்டத்திலேயே வாங்குங்கள். அவுட்லைனில் ஒரு கதாபாத்திரத்தை நீக்க அரை நாள் போதும். ஸ்கிரிப்டில் அதே வேலை இரண்டு வாரத்தைத் தின்னும்.

அதன்பிறகு முதல் டிராஃப்ட் இரண்டு வாரம், இரண்டாவது ஒரு வாரம், அப்புறம் உங்கள் கை பட நான்கைந்து நாள். நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு எபிசோட் எழுதினால் 12 வாரம் முடிந்து குழு கலைந்த பிறகும் குறைந்தது எட்டு வாரம் வேண்டும். எந்த எபிசோட் யாருக்கு, டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்பதை முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒருவரின் டிராஃப்ட்டை நீங்கள் மாற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் முன்னதாக அவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் மாற்றினால் அடுத்த டிராஃப்ட்டில் அவர் பாதி உழைப்புதான் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

படப்பிடிப்பு முடியும்வரை ஒரு எழுத்தாளரையாவது கூடவே வைத்துக்கொள்ளக் கேளுங்கள். அமெரிக்காவில் 2023 வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த எழுத்தாளர் சங்க ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஷரத்து இருக்கிறது. 7 முதல் 12 எபிசோட் தொடரின் எழுத்துக் குழுவில் குறைந்தது ஐந்து பேர், படப்பிடிப்பு நடக்கும்போது பொதுவாக இரண்டு பேர். ஒரே ஆள் மொத்தத் தொடரையும் எழுதினால்தான் குழு எண்ணிக்கையில் விலக்கு. இங்கே அப்படி விதி இல்லை, அதனால் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்லைன்_ஆர்டர்:

பட்ஜெட் பக்கம் நான் சொல்கிறேன்.

எட்டு எபிசோட் என்றால் 320 நிமிடம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை அமைப்புக்கு வந்தது. தமிழ் வசனம் தாளில் கூடுதல் இடம் எடுக்கும். நம்மூர் வழக்கப்படி தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் காட்சி, மறுபக்கம் வசனம் என்று எழுதினால் கணக்கு இன்னும் மாறும். எனவே பக்கத்தை எண்ண வேண்டாம். ஸ்டாப்வாட்ச் வைத்து, செயல்களுக்கும் நேரம் விட்டு, வாய்விட்டுப் படித்து ஒவ்வொரு சீனுக்கும் நேரம் குறியுங்கள். 46 நிமிடம் வரும் ஸ்கிரிப்டை ஷூட் செய்துவிட்டு எடிட்டில் ஆறு நிமிடம் வெட்டினால், ஒரு நாளைக்கும் மேலான படப்பிடிப்புச் செலவு குப்பைக்குப் போகிறது. எட்டு எபிசோடுக்கும் அப்படி என்றால் பத்து நாள்.

ஒரு நாளைக்கு 5 நிமிடம் எடுத்தால் 64 நாள், 4 நிமிடம் என்றால் 80 நாள். இந்த 16 நாள் வித்தியாசம் ஸ்கிரிப்டில்தான் பிறக்கிறது. இரவு வெளிப்புறம், கூட்டம், மழை, ஓடும் வண்டிக்குள் பேச்சு, விலங்கு, குழந்தை என ஒவ்வொன்றும் வேகத்தைக் குறைக்கும். எழுத்தாளர்கள் கவனிக்காத ஒன்று லொகேஷன் மாற்றம். டீக்கடையில் இரண்டு வரி பேசும் சீனுக்காக மொத்த யூனிட்டும் வண்டி ஏறினால் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும், மாலையில் ஒன்றரை கால்ஷீட் (ஒரு நாள் வேலை நேரக் கணக்கு) ஆகும். அந்த இரண்டு வரியைக் காவல் நிலைய வாசலில் பேச வைக்க முடியுமா என்று கேட்க வேண்டியது நீங்கள். லைன் புரொட்யூசர் (படப்பிடிப்புச் செலவைக் கவனிப்பவர்) கேட்டால் அது வெறும் செலவுக் குறைப்பு. நீங்கள் கேட்டால் கதை கெடாமல் மாற்ற வழி கிடைக்கும்.

சட்டம் சார்ந்த விஷயங்களும் எழுத்து மேசைக்கே வர வேண்டும். குழந்தை நடிகரை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி பெற வேண்டும். கதையின் மையச் சாட்சி பத்து வயதுச் சிறுமி என்றால் மொத்த ஷெட்யூலும் அவள் நேரத்தைச் சுற்றித்தான் அமையும். புகைபிடிக்கும் காட்சிகளுக்கு 2023 செப்டம்பர் முதல் ஓடிடியிலும் எச்சரிக்கை கட்டாயம்: தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எதிர்ப்பு விழிப்புணர்வுத் துண்டு, காட்சி ஓடும்போது திரையின் அடியில் எழுத்து. உச்சக் காட்சியில் நாயகன் கையில் சிகரெட் வைத்தால் அந்த எழுத்தும் கூடவே வரும். வேண்டுமா என்று எழுதும்போதே முடிவெடுங்கள்.

மிக முக்கியமானது: உங்கள் தொடரை எபிசோட் வரிசையில் எடுக்க மாட்டார்கள். காவல் நிலையம் எட்டு எபிசோடிலும் வந்தால் அத்தனை சீனையும் ஒரே ஷெட்யூலில் முடிப்பார்கள். ஆகவே படப்பிடிப்பு தொடங்கும் முன் எட்டு ஸ்கிரிப்டும் லாக் ஆகியிருக்க வேண்டும், அதாவது சீன் எண்களோடு இறுதியாகியிருக்க வேண்டும். அமெரிக்க சேனல்களின் 22 எபிசோட் தொடர்களில் நிலைமை நேர்மாறு. ஒன்று எழுத்தில், ஒன்று முன்தயாரிப்பில், ஒன்று படப்பிடிப்பில், ஒன்று எடிட்டில் என்று நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே ஷோரன்னர் என்ற வேலை வளர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம்: நான்கு இடத்திலும் முழுக் கதையும் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

லாக் ஆன பிறகு சீன் எண்ணை மாற்றாதீர்கள். புதிய சீன் 24க்குப் பின் வந்தால் 24ஏ. நீக்கிய சீனின் எண்ணை வெறுமையாக விட்டு 'நீக்கப்பட்டது' என்று போடுங்கள். திருத்தங்களுக்கு நிறத்தாள்: வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்பது அமெரிக்க வழக்கின் வரிசை. பிடிஎஃப் அனுப்பினாலும் நிறத்தையும் தேதியையும் மேலே போடுங்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட் பழைய பிரதியைப் பார்த்து செட் போட்ட பிறகு யார் தவறு என்று விசாரிப்பதில் பயனில்லை.

ரஷ்_பார்ப்பவர்:

இயக்குநர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சினிமாவில் இயக்குநர் சொல்வதே முடிவு என்று பழகியவர்கள் நாம். தொடரில் முதல் எபிசோடும் எட்டாவது எபிசோடும் ஒரே உலகமாகத் தெரிய வேண்டும், அதற்குப் பொறுப்பு உங்களிடம் வருகிறது. தமிழில் இந்த அமைப்புக்கு முன்மாதிரி உண்டு. 2022இல் வந்த 'சுழல்' தொடரை எழுதி உருவாக்கியவர்கள் புஷ்கர்-காயத்ரி, இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும்.

ஷெட்யூலுக்கு முன் ஒவ்வொரு இயக்குநரோடும் தனியாக உட்கார்ந்து அவருடைய எபிசோடுகளை சீன் சீனாகப் பேசுங்கள். எபிசோடுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். கேமரா எங்கே வைப்பது என்று பேச வேண்டாம், அது அவர் வேலை. இந்த சீனில் யார் பொய் சொல்கிறார், அது பார்ப்பவருக்கு இப்போதே தெரிய வேண்டுமா, ஏழாவது எபிசோட் இதில் எதை நம்பியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அலமாரியைத் திறக்கும் சாதாரண ஷாட் பின்னால் துப்பாகப் போகிறது என்று இயக்குநருக்குத் தெரியாவிட்டால், அந்த ஷாட்டே இல்லாமல் ரஷ் (எடிட் செய்யாத காட்சிப் பதிவு) வரும்.

செட்டில் நடிகரிடம் நேரடியாகத் திருத்தம் சொல்லாதீர்கள். இயக்குநரிடம், இரண்டு டேக்குக்கு நடுவே, தாழ்ந்த குரலில். நடிகருக்கு இரண்டு பேரிடமிருந்து இரண்டு விதமாக உத்தரவு வந்தால் அன்றைய நாள் அதோடு போச்சு.

எடிட்டில் இயக்குநரின் வெட்டுக்கு (அவர் விருப்பப்படி தொகுக்கும் வடிவத்துக்கு) எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அமெரிக்க இயக்குநர் சங்க ஒப்பந்தத்தில் ஒரு மணி நேர எபிசோடுக்கு நான்கு நாள். இங்கே ஏழு, எட்டு நாள் கொடுக்கலாம். அந்த நாட்களில் எடிட் அறைக்குள் போகாதீர்கள். பிறகு உங்கள் வெட்டு. முதல் முறை நிறுத்தாமல், குறிப்பெடுக்காமல் முழுதாகப் பாருங்கள். பெரும்பாலும் சீனின் முதல் இரண்டு வசனமும் கடைசி இரண்டு வசனமும் தேவையில்லாமல் இருக்கும். தளத்திலிருந்து 'மூன்றாவது எபிசோட் மெதுவாகப் போகிறது' என்று கருத்து வந்தால் உடனே மூன்றாவதை வெட்டத் தொடங்காதீர்கள். முதல் இரண்டில் யாருக்கு என்ன ஆபத்து என்று பதியாததால் மூன்றாவதில் பொறுமை போகிறதா என்று முதலில் பாருங்கள்.

வசனம்_மதுரை:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். இயக்குநர் செட்டில் வசனத்தை மாற்றினால்? இதற்கு முறையான பயிற்சி எங்காவது உண்டா?

ரஷ்_பார்ப்பவர்:

முதலில் லைவ் சவுண்டா, டப்பிங்கா என்று கேளுங்கள். டப்பிங் என்றால் சொல் மாறினாலும் உதட்டசைவுக்கு ஏற்பப் பின்னால் சரிசெய்ய ஓரளவு இடமுண்டு. லைவ் சவுண்ட் என்றால் அன்று பேசியதுதான் கடைசி. அப்படியானால் வட்டார வழக்கு தெரிந்த ஒருவரை செட்டில் வையுங்கள். நெல்லைப் பேச்சு நடுவில் மதுரைக்குத் தாவினால் ஊர்க்காரர்கள் முதல் எபிசோடிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்கிரிப்டில் தகவல் சார்ந்த வசனங்களுக்கு அடிக்கோடிட்டுக் கொடுங்கள்: பெயர், நேரம், இடம், துப்பு. அவை மாறக் கூடாது. மற்றவற்றில் நடிகர் வாய்க்கு வரும்படி மாற்றிக்கொள்ள விடுங்கள், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கதைமேசை:

பயிற்சி என்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் எழுத்தாளர் சங்கம் 2005இல் தொடங்கிய ஷோரன்னர் பயிற்சித் திட்டம் தெரிந்த ஒன்று. எழுத்து சொல்லித்தருவது அதன் நோக்கம் அல்ல, எழுதத் தெரிந்தவர்தான் உள்ளே வர முடியும். எழுத்தாளர்களை நடத்துவது, இயக்குநரோடு வேலை செய்வது, தயாரிப்பு, போஸ்ட் புரொடக்ஷன் ஆகியவையே பாடம்.

இங்கே அதற்கு ஈடாக நீங்களே செய்யக்கூடியது: வேறு தொடரின் முழு ஷெட்யூலையும் அதன் தினசரி புரொடக்ஷன் ரிப்போர்ட்டுகளையும் (அன்றன்று எடுத்தது என்ன, ஆன நேரம் எவ்வளவு என்ற பதிவு) தெரிந்த லைன் புரொட்யூசரிடம் கேட்டு வாங்கி, ஸ்கிரிப்டோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த சீனுக்குத் திட்டமிட்டது எவ்வளவு, உண்மையில் ஆனது எவ்வளவு என்று குறியுங்கள். இருபது நாள் ரிப்போர்ட் பார்த்தால் போதும், எந்த மாதிரி சீன் நேரத்தை விழுங்குகிறது என்று பிடிபட்டுவிடும். உங்கள் அவுட்லைன் தளத்துக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.