பத்தாங்கட்டை குடும்பம்: ஞாயிற்றுக்கிழமை பாயசம்

வெள்ளி, மாலை 6.12

கலா: அப்பாவுக்கு யார் மைலோ கொடுத்தது? சிங்க்கில் கோப்பை கிடக்கிறது. கெட்டியாக்குகிற பவுடர் டின்னைத் திறந்த மாதிரியே தெரியவில்லை.

பாக்கியம் அத்தை: நான்தான்மா. அண்ணன் வாய்விட்டுக் கேட்டார். நாலு மடக்குதான். இருமவே இல்லை.

கலா: அத்தை, இருமாததுதான் எனக்குப் பயமே.

பாக்கியம் அத்தை: இருமினாலும் குற்றம், இருமாவிட்டாலும் குற்றம்.

கலா: கோபம் இல்லை அத்தை. ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் எல்லாரும் அவரைச் சுற்றி இருக்கப் போகிறீர்கள், ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாய் தானாக மூடிக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு அது தாமதமாகிறது. மசித்த சோறு மெதுவாக இறங்கும், தண்ணீர் அப்படியே ஓடிவிடும். அதனால்தான் தண்ணீர், தே ஓ (பால் இல்லாத டீ), மைலோ எதுவானாலும் பவுடர் போட்டுக் கெட்டியாக்கச் சொன்னார் ஸ்பீச் தெரபிஸ்ட். தவறி உள்ளே போனால் நமக்கு இருமல் வரும். அப்பாவுக்கு அந்த உணர்ச்சியே மழுங்கியிருக்கலாமாம். சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலாக வந்து நிற்கும். நிமோனியா. இப்போது பார்த்தேன், 36.8. ராத்திரி மறுபடியும் பார்ப்பேன்.

விமலா: ஐயோ



ராஜு சித்தப்பா: அவசரம்!! அனைவருக்கும் பகிரவும்!! பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி இரண்டு சொட்டு இரத்தம் வரவைத்தால்…

திவா: சின்னத் தாத்தா, இது பொய். இதோடு மூன்றாவது தடவை அனுப்புகிறீர்கள். வாய் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999, ஆம்புலன்ஸ். ஊசி தேடிக்கொண்டு இருக்கக் கூடாது.

ராஜு சித்தப்பா: வந்ததை அனுப்பினேன்.

செல்வம்: மூக்குக் குழாய் இருந்தபோது இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. அதை ஏன் கழட்ட விட்டாய்?

கலா: மூன்று வாரம் குழாயோடு அவர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது அண்ணா. நீங்கள் இரண்டு தடவைதான் வந்தீர்கள். பேரியம் கலந்ததை விழுங்க வைத்து, எக்ஸ்ரேயில் ஓட்டிப் பார்த்துத்தான் கழட்டினார்கள். குழாய் இருந்தாலும் எச்சில் உள்ளே போகத்தான் செய்யும். வாய் அழுக்காக இருந்தால் அந்தக் கிருமியும் கூடவே போகும். நான் நாளுக்கு மூன்று தடவை பல் தேய்த்துவிடுவது அதற்குத்தான், அழகுக்கு இல்லை.

செல்வம்: சரி சரி. பவுடர் பில் அனுப்பு.

கலா: போன மாதமே அனுப்பினேன். மேலே தள்ளிப் பாருங்கள்.

விமலா: அண்ணா, பில் இருக்கட்டும். ஞாயிறு வருகிறீர்களா இல்லையா? ஆசாரி 9 மணிக்கு வந்துவிடுவார். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா?

செல்வம்: ஷிப்ட் பார்த்துச் சொல்கிறேன்.

பாக்கியம் அத்தை: வீட்டு கிராண்ட் (பத்திரம்) பேச வரும்போது மட்டும் ஷிப்ட் இருக்காது.

பாக்கியம் அத்தை: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

திவா: பாட்டி, எல்லாரும் படித்தாகிவிட்டது.

மாலை 7.40

பாக்கியம் அத்தை: அப்போ பேத்தி காதுகுத்தில் அண்ணன் பாயசம்கூட சாப்பிடக் கூடாதா? 40 வருஷம் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டின மனுஷன்.

கலா: இருக்கிறதிலேயே பாயசம்தான் மோசம் அத்தை. பாலும் சேமியாவும் ஒரே வாயில். சேமியாவை மெல்லும்போதே பால் முந்திக்கொண்டு இறங்கிவிடும். தண்ணீர் பிரிந்து நிற்கிற கஞ்சியும் அப்படித்தான்.

விமலா: ஐஸ்கிரீம்? அது கெட்டிதானே

கலா: வாயில் உருகினால் அதுவும் தண்ணீர்தான் விமலா.

பாக்கியம் அத்தை: அந்தப் பவுடர் தண்ணீரை அவரே திட்டுகிறார். ஒட்டுப்பால் மாதிரி இருக்கிறதாம்.

திவா: நேற்று என்னிடம், "ஸ்டோரில் நான் பாலுக்கு ஆசிட் ஊற்றி உறைய வைத்தேன், இப்போது உன் அம்மா என்னை உறைய வைக்கிறாள்" என்றார்.

ராஜு சித்தப்பா: அண்ணனுக்கு வாய் மட்டும் குறையவில்லை

விமலா: சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது

கலா: அத்தை, ஒரு வழி இருக்கிறது. அவருக்கு மட்டும் தனியாக எடுத்து, சேமியாவோடு நன்றாக அரைத்து, பவுடர் போடுகிறேன். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மொத்தமாக விழ வேண்டும். முந்திரி, திராட்சை கிடையாது. நிமிர்ந்து உட்கார வைத்து, டீஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. விழுங்கும்போது தாடையை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தச் சொல்லியிருக்கிறார்கள். வலது கன்னத்தில் சாப்பாடு தங்கும், பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "ஆ" சொல்லச் சொல்லுங்கள், குரலில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி இருந்தால் நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. அவர் சாப்பிடும்போது யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள், முக்கியமாக சித்தப்பா.

ராஜு சித்தப்பா: நான் என்ன செய்தேன்

திவா: தே ஓ, மைலோவை நான் பார்த்துக்கொள்கிறேன். 10 மில்லி ஊசிக்குழல், ஊசி இல்லாமல். முனையை விரலால் அடைத்து நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட வேண்டும். 4 முதல் 8 மில்லி வரை மிச்சம் நின்றால் தாத்தாவுக்குச் சொன்ன கெட்டி, லெவல் 2. இப்போது கலக்கிய மைலோ 6. பாஸ்.

பாக்கியம் அத்தை: நான் கலக்கினாலும் இதே பரீட்சையா?

திவா: எல்லாருக்கும்தான் பாட்டி

பாக்கியம் அத்தை: சரி, நாளைக்கு பசியாறிவிட்டு வருகிறேன். சொல்லிக் கொடு. மாத்திரையையும் பொடித்து வைக்கட்டுமா?

கலா: வேண்டாம் அத்தை! அதில் ஒன்று பொடிக்கவே கூடாதாம், மருந்துக் கவுண்டரில் சொன்னார்கள். மாத்திரையை நானே கொடுத்துக்கொள்கிறேன்.

இரவு 9.05

செல்வம்: வருகிறேன் என்று வை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி தங்க முடியாது.

விமலா: "என்று வை" என்றால்?

கலா: அப்போ சனி ராத்திரி அப்பாவோடு யார்? எனக்கு வடைக்கு உளுந்து ஆட்ட வேண்டும். ஞாயிறு கோயிலுக்கு வேனா, செல்வம் அண்ணன் காடியா? வேனில் பின் சீட் சாய்ந்தே இருக்கிறது, அவர் நேராக உட்கார முடியாது.

கலா: யாராவது?

ராஜு சித்தப்பா: (படம்: ரோஜாப்பூ, "இனிய இரவு வணக்கம்")