இடுப்புக் குளியல் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

அக்காமாரே, எனக்கு 49 வயசு, பாளையங்கோட்டை. மாதவிலக்கு கடைசியாக வந்து 8 மாதம் ஆகிறது, முழுசாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். அது கிடக்கட்டும், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி, நைட்டி நனைந்து, அஞ்சு நிமிஷத்தில் குளிர் எடுக்கிறது, நான் ஃபேனைக் கூட்ட வீட்டுக்காரர் குறைக்க, தினமும் இதே கூத்துதான்.

போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டில் இருந்த நாலு நாளும் விடியக்காலம் தாமிரபரணியில் முங்கிக் குளித்தேன், ராத்திரி நல்ல தூக்கம் (ஆறு காரணமா, அடுப்படிப் பக்கம் போகாதது காரணமா, யார் கண்டது).

இங்கே தினமும் ஆற்றுக்குப் போக முடியுமா? துணி ஊறப்போடும் பெரிய டப்பில் தொப்புள் வரை பச்சைத்தண்ணீர் விட்டு, காலை வெளியே நீட்டி, காலையில் வெறும் வயிற்றோடு பத்து நிமிஷம் உட்கார்கிறேன், இதுதான் இடுப்புக் குளியல். பிடரியில் ஈரத்துண்டு. அந்த நேரத்துக்கு இதமாக இருக்கிறது, ஆனால் சூடு வருவது நிற்கவில்லை.

இதையே படுக்கப் போகும் முன் செய்யலாமா? முட்டுவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற நாளில் இதை விட்டுவிட வேண்டுமா? பிரஷர் மாத்திரை வேறு சாப்பிடுகிறேன், அதை டாக்டரம்மாவிடம் அடுத்த வாரம் கேட்டுக்கொள்வேன். செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள், கைவைத்தியம் எல்லாம் பெரியம்மா ஏற்கெனவே சொல்லியாச்சு.