எஸ்டி37 என்று ஜொப் விழுந்துவிட்டது, இத்தனை மெசேஜில் எதைப் பார்ப்பது?

கொக்குவில்_இரவுவேலை:
வணக்கம். வீட்டில் இருந்தபடி ஒரு கொழும்புக் கொம்பனிக்கு இசட்/ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேம் கணினியின் இயங்குதளம்) இரவுக் கண்காணிப்புப் பார்க்கிறேன், வேலைக்குப் புதிது. நேற்றிரவு அறிக்கை எடுக்கிற ஜொப் பாதியில் விழுந்துவிட்டது. ஜொப்களின் வெளியீட்டைக் காட்டுகிற எஸ்டிஎஸ்எஃப்பில் திறந்தால் பக்கம் பக்கமாக மெசேஜ். கண்ணில் பட்டது ஐஈஎஃப்450ஐ, அதில் அபெண்ட்=எஸ்டி37 என்று இருக்கிறது. 450க்கு விளக்கம் தேடினால் ஜொப் இடையில் முறிந்தது என்று மட்டும்தான் வருகிறது, அது எனக்கே தெரியுமே! கொன்சோலில் (சிஸ்டத்தின் செய்தி வந்து, பதில் கொடுக்கிற திரை) இன்னொரு ஜொப்புக்கு *23 ஐஈஎஃப்238டி என்று ஒரு வரி போகாமல் நிற்கிறது. இரண்டையும் எப்படி வாசிப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கோபோல்காரன்:
தம்பி, 450 மரண அறிவித்தல் மாதிரி. ஆள் போய்விட்டார் என்று சொல்லும், என்ன வருத்தத்தில் போனார் என்பதை விளக்காது. அதற்கு மேலே ஏறிப் பாரும், ஐஈசி என்று தொடங்கும் வரி இருக்கிறதா? முதல் மூன்று எழுத்தும் பேசுகிற ஆள் யார் என்று காட்டும்: ஐஈஎஃப் என்றால் ஜொப்பை ஓட்டி, அதற்கு வேண்டிய டேட்டாசெட்டையும் (மெயின்ஃபிரேமில் ஃபைலுக்கு அதுதான் பெயர்) கருவியையும் ஒதுக்குகிற பகுதி, ஐஈசி என்றால் ஃபைலைத் திறந்து மூடுகிற பகுதி, ஐசிஎச் வந்தால் ராக்எஃப் என்கிற பாதுகாப்புப் பகுதி, அநேகமாக அனுமதிப் பிரச்சினை. கடைசி எழுத்து ஐ என்றால் தகவல், ஏ என்றால் யாரோ ஏதோ செய்யவேண்டும், டி என்றால் எதைச் செய்வதென்று உம்மிடம் கேட்கிறது. ஐ தானே என்று தள்ளிவிடாதேயும், ஜொப் செத்த செய்தியே ஐ-யில்தான் வந்திருக்கிறது.

கொக்குவில்_இரவுவேலை:
ஓம் அண்ணை, இருக்கிறது. ஐஈசி031ஐ டி37-04, பின்னால் ஜொப் பெயர், ஸ்டெப், டிடி (ஜொப் பாவிக்கிற ஃபைலைக் குறிக்கிற வரி) பெயர், டிஸ்க், டேட்டாசெட் பெயர் எல்லாம் வரிசையாக.

கோபோல்காரன்:
தேடியது அதுதான். டி37 (முன்னால் வரும் எஸ் சிஸ்டம் முறித்தது என்பதற்கு) என்றால் முதலில் கேட்ட இடம் முடிந்துவிட்டது, கூடுதல் இடம் கேட்கவே இல்லை. அந்த டிடியில் இடம் கேட்கிற ஸ்பேஸில் 5 சிலிண்டர் (டிஸ்க் இடத்தின் அளவு) மட்டும் இருந்தால் அதை (5,5) ஆக்கச் சொல்லும், அதாவது முதலில் 5, பிறகு ஒவ்வொரு தடவையும் கூடுதலாக 5. சாதாரண டேட்டாசெட்டுக்கு ஒரு டிஸ்கில் 16 துண்டு வரை கிடைக்கும், ஆகவே 80 சிலிண்டர் வரை வளரலாம். அதுவும் போதாமல் போனால், அல்லது டிஸ்கிலேயே இடம் இல்லாவிட்டால் பி37 வரும், அது வேறு கதை. ஜொப்பை எழுதியிருக்கிற ஜேசிஎல்லில் நீர் கைவைக்காதேயும், புரோகிராமருக்கு அந்த 031 வரியை அப்படியே அனுப்பும்.

கொன்சோல்_அக்கா:
238டிக்கு நான் சொல்கிறேன். ஜொப் கேட்ட கருவி கிடைக்கவில்லை, வேறு கருவியா, காத்திருப்பதா, கைவிடுவதா என்று கேட்கிறது. ஆர் 23,வெயிட் (ஆர் என்றால் பதில், 23 அந்த வரியின் எண்) என்று கொடுத்தால் அடுத்து 433டி வந்து ஹோல்டா நோஹோல்டா என்று கேட்கும். ஹோல்ட் என்றால் ஏற்கெனவே பிடித்த கருவிகளை விடாமல் வைத்திருக்கும், மற்ற ஜொப்கள் தொங்கும். கான்சல் கொடுத்தால் ஜொப்பே போய்விடும், ஷிஃப்ட் பொறுப்பாளரைக் கேட்காமல் அதை அடிக்கவேண்டாம்.

கொக்குவில்_இரவுவேலை:
நன்றி அக்கா, வெயிட், நோஹோல்ட் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். மற்றதைப் புரோகிராமர் திருத்தித் திரும்ப ஓடவிட்டோம், இப்போது ஐஜிடி17101ஐ!

கோபோல்காரன்:
பழைய அரைகுறை டேட்டாசெட் அதே பெயரில் கட்டலொக்கில் (டேட்டாசெட்களின் பெயர்ப் பதிவேடு) கிடக்கிறது. டிடியில் உள்ள டிஸ்ப்பின் மூன்றாவது இடத்தில் (ஜொப் முறிந்தால் டேட்டாசெட்டை என்ன செய்வது என்கிற இடம்) டிலீட் போடாவிட்டால் இப்படித்தான். வேறு யாருக்கும் தேவையில்லை என்று புரோகிராமர் உறுதிப்படுத்தினால் அழித்துவிட்டு ஓடவிடும்.

கொக்குவில்_இரவுவேலை:
சரி வந்துவிட்டது அண்ணை, ஐஈஎஃப்142ஐ, கொண்ட் கோட் 0000, பிழை இல்லாமல் முடிந்தது.